அரை பாட்டிலைக் கொன்றது யார்?

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

சீனாவின் செங்டு நகரில் ஓர் ஐந்தாவது மாடி வீடு. படுக்கையறையிலிருந்து ஓர் அலறல்.

ஷூஹுவா கரண்டியோடு ஓடி வந்தாள். கணவர் தெவென் துணி அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாட்டில்.

"செத்துப்போச்சு."

"யாருங்க?"

"சரக்கு."

பாட்டிலை அவள் மூக்கருகே நீட்டினார். ஐம்பத்திரண்டு டிகிரி சோளச் சாராயம். மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரன் தும்ம வேண்டும். இப்போது ஒரு வாசனையும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் தெவெனும் நண்பர் பாவ்ஷானும் திறந்த பாட்டில். பாதி குடித்தார்கள். மீதி பாவ்ஷானின் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்று சத்தியம். மறுநாளே மாஜோங் காய் ஆட்டத்தில் சண்டை. பாவ்ஷான் வருவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் போன் அடித்தது.

"சனிக்கிழமை எனக்கு அறுபது. அந்தப் பாதி இருக்கா?"

"இருக்குடா."

அந்தச் சனிக்கிழமை இன்றுதான்.

"ஆறு மணிக்கு வர்றான். நாப்பது வருஷ சிநேகம்டி. தண்ணியை ஊத்திக் குடுத்தா, அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிடுவான்."

"கடையில வேற ஒண்ணு..."

"இந்தச் சரக்கு இப்ப கிடைக்கிறதில்ல."

தெவென் முப்பது வருடம் ஓர் ஆலையின் காவல் தலைவர். பாட்டிலைப் படுக்க வைத்ததில்லை. வெயில் காட்டியதில்லை. மட்டத்துக்குப் பேனாவால் கோடு. மூடிக்கு டேப்.

பிரித்துப் போட்டிருந்த அந்த டேப்பின் சுற்றுகளை எண்ணினார்.

"நான் சுத்தினது ஏழு சுத்து. இப்ப அஞ்சு. மாப்ளேயைக் கூப்பிடு."

மருமகன் ஃபான் வாசலில் வந்து நின்றான். பாட்டிலைப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான்.

"ரெண்டே மூடி மாமா. போன வருஷம், வேலை போன அன்னிக்கு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். அப்புறம் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினேன்."

"ரெண்டு மூடிக்கு இவ்வளவு சாகாது. கூட்டாளி யாரு?"

ஷூஹுவா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நீயா?"

"ஊறுகாய் ஜாடியில வெள்ளையா ஆடை படிஞ்சிருந்துச்சு. காரமான சாராயம் ஊத்தினாத்தானே அடங்கும்?"

"சமையல் சாராயம் இருக்குல்ல?"

"அது பச்சைப்பிள்ளைகூடக் குடிக்கலாம். இதுல அப்பப்ப நாலு கரண்டி எடுத்தேன். குறைஞ்சதுக்கு நானும் தண்ணி ஊத்தினேன். ஆனா ஒண்ணு, இதை ஊத்தியும் ஆடை அடங்கல. திறந்து வச்ச சரக்கு, வீரியம் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"ஒழுங்கா மூடி நிமித்தி வச்சா பல வருஷம் நிக்கும்டி."

"நின்னுச்சே. கோட்டுலயே நின்னுச்சே."

சரியாக ஆறு மணிக்கு அழைப்பு மணி.

பாவ்ஷான் வந்தார். சிரிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

தெவென் இரண்டு சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். பாவ்ஷானின் கோப்பை வழிந்தது.

பாவ்ஷான் ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடினார்.

ஷூஹுவாவும் ஃபானும் சுவரோரம் நகர்ந்தார்கள்.

"அப்படியே இருக்கு," என்றார் பாவ்ஷான்.

"எதுடா?"

"நான் ஊத்தின தண்ணி."

தெவெனின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அன்னிக்கு ராத்திரி நீ குறட்டை விட ஆரம்பிச்சே. மிச்சத்தையும் நானே முடிச்சுட்டேன். குழாய்த் தண்ணியைப் பிடிச்சு மட்டம் சரி பண்ணினேன். மறுநாள் உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. அதான் மாஜோங்ல வேணும்னே சண்டை போட்டேன்."

பையிலிருந்து ஒரு முழு பாட்டிலை எடுத்து வைத்தார். அதே சரக்கு.

"மூணு வருஷமா ஊர் ஊராத் தேடினேன். இப்ப எந்திரிச்சுப் போகணும்னாலும் போறேன்."

"உட்காருடா நாயே," என்றார் தெவென். மூடியைத் திருகினார்.

பக்கத்து வீட்டில் யாரோ தும்மினார்கள்.

தெவென் இரண்டு கோப்பை நிரப்பினார். பிறகு சட்டென்று மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ளே... வேலை போன அன்னிக்கு பால்கனியில நின்னுக்கிட்டு என்னை 'கிழட்டுக் கழுதை'ன்னு அரை மணி நேரம் திட்டினியே. அது எந்த போதையில?"