செத்தவன் போட்ட ஓட்டு!

செல்போன் அலறியது!

காலை ஏழரை மணி. சப்-இன்ஸ்பெக்டர் இன்பமேரி சீருடையின் கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டே எடுத்தாள்.

"மேடம்... கொளுந்து பறிக்கிற மாரீஸ்வரி பேசுதேன்... ரேஞ்ச் பாறைக்குக் கீழ ஒரு பையன்... அசையாமக் கெடக்கான் மேடம்!"

"நீங்க எங்க நின்னு பேசுதீங்க?"

"பாறை மேலதான். இங்க ஏறினாத்தான மேடம் டவர் கெடைக்கி!"

அரை மணி நேரத்தில் ஜீப் அங்கே இருந்தது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தவனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. பச்சை ஜெர்சி. பின்மண்டை பிளந்திருந்தது. பெற்றவள் இதைப் பார்க்கக் கூடாது என்று இன்பமேரிக்குத் தோன்றியது.

"பேரு சந்துரு, மேடம்." ஹெட் கான்ஸ்டபிள் பொன்ராஜ் தொப்பியைக் கழற்றினார். "தேவிகுன்னு காலேஜ் ஃபுட்பால் ரசிகர் மன்றத் தலைவன். ஓட்டு சேக்கேன்னு எஸ்டேட் லயம் லயமா, வீடு வீடா அலைஞ்சான்."

"போன் எங்க அண்ணே?"

"காணோம், மேடம். சுத்தித் தேடியாச்சு. அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது."

ஓட்டு!

மூன்று வாரமாக இடுக்கி மலையில் அதே பேச்சுதான். 'மக்கள் மனம் கவர்ந்த கல்லூரி அணி' என்று ஓர் இணையச் சேனல் நடத்தும் வாக்கெடுப்பு. ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டு. ஓடிபி வந்தால்தான் ஓட்டு விழும். ஜெயிக்கும் அணி கொச்சியில் பெரிய கிளப்காரர்கள் முன்னால் ஆடலாம். கடைசியில் மிஞ்சியவை இரண்டே கல்லூரிகள். தேவிகுன்னு... சூரியமலை!

இன்று மாலை ஆறு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிகிறது.

பத்து மணிக்கு ஸ்டேஷனில் பொன்ராஜ் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார்.

"மேடம்... வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது. நேத்து சந்துருவுக்கு அனுப்புனதாம்; அவனே குரூப்ல போட்டிருக்கான்..."

இன்பமேரி அதைத் தொட்டாள்.

"ஏலே சந்துரு... நாளைக்குப் பாறைப் பக்கம் வந்தேன்னா உருட்டி விட்ருவேன்ல!"

சூரியமலை அணியின் ஸ்ட்ரைக்கர் ஜினோவின் குரல்.

அவளுடைய ஒரே மகனின் குரல்!

"சின்னப் பையங்க, வாய்க்கு வந்ததப் பேசுவானுங்க மேடம்" என்றார் பொன்ராஜ். "எம்மவன் அஜயும் அந்த டீம் கோல்கீப்பர்தான? எனக்குத் தெரியாதா? ஜினோ அப்படிப்பட்ட பிள்ளை இல்ல."

மேஜை போன் ஒலித்தது. சர்க்கிள் இன்ஸ்பெக்டர்!

"மகன்னு பார்க்காதீங்க, இன்பமேரி. ஆறு மணிக்குள்ள உண்மை வரணும். இல்லேன்னா அவனை நானே வந்து அரெஸ்ட் செய்வேன்."

மதியம், சூரியமலைக் கல்லூரி மைதானத்தின் மூலைக்கு மகனை இழுத்துப் போனாள்.

"காலைல எங்கலே போன?"

"ஓடப் போனேம்மா."

"யாரு கூட?"

"தனியா..."

"யாராவது பாத்தாங்களா?"

ஜினோவின் முகம் சுருங்கியது. "ஏம்மா... நீயுமா என்னயச் சந்தேகப்படுத?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது அதே கேள்விதான். "யாராவது பாத்தாங்களாலே?"

மூன்று மணிக்கு, வாக்கெடுப்பை நடத்தும் ஜிஸ்மி கூப்பிட்டாள். இன்பமேரி ஜீப்பிலிருந்து இறங்கித் தள்ளிப் போய்ப் பேசினாள்.

"மேடம், நீங்க கேட்ட சந்துருவோட நம்பர்... அதுல ஓட்டு விழுந்திருக்கு!"

"எப்போ?"

"இன்னைக்குக் காலைல. பதினோரு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு!"

அந்த நேரத்தில் சந்துரு பிணவறையில் அல்லவா இருந்தான்!

"யாருக்கு விழுந்துச்சு?"

"சூரியமலைக்கு! கடைசி ஓட்டு என்னோடதுதான்னு சந்துரு வீராப்பாப் போடாம வெச்சிருந்தான். அவனாவது சூரியமலைக்குப் போடுறதாவது!"

அப்படியானால் போன் கொலையாளியிடம் இருக்கிறது. அவன் சூரியமலை வெறியன். ஜினோவும்... இன்பமேரி கண்களை மூடிக்கொண்டாள்.

டவர் விவரம் நாளைக்குத்தான் வரும். ஆறு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

"ஜிஸ்மி... எனக்கு ஒரு உதவி செய்யணும்."

ஜீப்புக்குத் திரும்பினாள்.

"என்ன மேடம், எதாவது தகவலா?" என்றார் பொன்ராஜ்.

"ஒண்ணுமில்ல அண்ணே."

போலீஸாக அதை மறைப்பது தப்பு. மகனைக் காட்டிக் கொடுக்கத் தாய்க்கு நாக்கு எழவில்லை.

மாலை ஐந்து ஐம்பது. மைதானத்துப் பந்தலில் இருநூறு பேர். பந்தைக் காலால் தொட்டறியாத கிழவர்கள்கூடப் போனும் கையுமாக நின்றார்கள்.

திரையில் எழுத்துகள் ஓடின.

'தொழில்நுட்பக் கோளாறு! இன்று காலை 11 முதல் 11.15 வரை விழுந்த ஓட்டுகள் ரத்து. அந்த எண்களிலிருந்து மீண்டும் ஓட்டுப் போடலாம்!'

தேவிகுன்னு 41,386.

சூரியமலை 41,385!

"அய்யய்யோ... ஒரே ஓட்டு!" பந்தலே கத்தியது. "யாருலே பதினோரு மணிக்குப் போட்டது? திருப்பிப் போடுங்கலே!"

இன்பமேரி ஜினோவையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

மாதாவே... அவனாக இருக்கக் கூடாது!

ஐந்து ஐம்பத்தாறு. போனில் ஜிஸ்மி!

"மேடம்! சந்துரு நம்பருக்கு இப்பத்தான் ஓடிபி போச்சு!"

இருநூறு தலைகளும் போன்மேல் கவிழ்ந்திருந்தன. இதில் எவன்?

சந்துருவின் எண்ணை அழுத்தினாள். ஒரு விநாடி... இரண்டு விநாடி...

"தேவிகுன்னு... தேவிகுன்னு... ஜெயிக்கும் நம்ம தேவிகுன்னு!"

சூரியமலைப் பந்தலுக்குள் எதிரணிப் பாட்டு! எல்லாத் தலைகளும் திரும்பின.

சத்தம் ஜினோவிடமிருந்து வரவில்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது... பொன்ராஜின் காக்கிப் பாக்கெட்டிலிருந்து!

"அண்ணே... நீங்களா?"

பொன்ராஜ் பாக்கெட்டை இரு கையாலும் பொத்தினார்.

"தள்ளணும்னு நெனைக்கல மேடம்... காலைல ரவுண்ட்ஸ் போனேன். எம்மவன ஓட்டக் கையன்னு சொல்லிப் பாறைமேல நின்னு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தான். போனப் புடுங்கினேன். மல்லுக்கு நின்னான். ஒரு தள்ளு... போயிட்டான்."

"போனத் தூக்கி எறியாம ஏன் வெச்சிருந்தீங்க?"

"எறியத்தான் போனேன். ஆனா... அதுல ஒரு ஓட்டு இருந்துச்சே மேடம்! வீணாப் போயிருமேன்னு..."

"எம்மவன் தலையில பழி விழுந்துச்சு. நீங்க என் பக்கத்துலயே நின்னு ஆறுதல் சொன்னீங்க!"

அவர் தானாகவே இரு கைகளையும் விலங்குக்கு நீட்டினார்.

இன்பமேரி மகன் பக்கம் திரும்பினாள். "ஜினோ..."

"பரவால்லம்மா" என்றான் எங்கோ பார்த்தபடி. பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையையே நம்பாத வெட்கம் அவளைச் சுட்டது.

ஜீப்பில் ஏறும்போது பொன்ராஜ் விலங்கு மாட்டிய கைகளோடு நின்றார்.

"மேடம்... கேக்கக் கூடாதுதான்... கடைசில யாரு ஜெயிச்சது?"

"தேவிகுன்னு."

"ஒரு ஓட்டுலயா?"

"ஓட்டே எண்ணல. திரையில ஓடுனது நான் வெச்ச பொறி. செத்தவன் போன்ல கள்ள ஓட்டுப் போட்டதால சூரியமலையப் போட்டியவிட்டே நீக்கிட்டாங்க!"

பொன்ராஜ் வாயைப் பிளந்தார்.

இன்பமேரி ஜீப்பின் கதவை அறைந்து சாத்தினாள்.

"இதுக்குப் பேருதான் சேம் சைடு கோல், அண்ணே!"