நாற்பத்தேழாவது பயணி

மனிதன் அழிவான், அவன் பெயர் அழியாது என்பது ஜம்புலிங்கத்தின் கொள்கை. உடல் சாம்பலாகும், எலும்பு கடலில் கரையும், பெயர் மட்டும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் என்பார். போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் அவர் தலைமை எழுத்தராக இருந்த அலுவலகத்தில் ஒருவர் பென்சில் கேட்டு வந்தால்கூட இதைச் சொல்லித்தான் பென்சிலைக் கொடுப்பார். 1968 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, சாத்தம் தீவுக் கப்பல் ஜெட்டியின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயர் அவர் துணை இல்லாமலே நின்றுகொண்டிருந்தது.

மெட்ராஸ் கப்பலில் வருகிறவர்களின் பட்டியல் அது. கப்பலுக்கு முன்பே தந்தியில் வந்துவிடும். டைப் அடித்து ஒட்டுவார்கள். யார் வீட்டுக்கு மாமியார் வருகிறாள் என்பது மருமகளுக்கு முன் ஊருக்குத் தெரியும். தம்மைவிடப் பெரிய உத்தியோகஸ்தர் எவராவது வந்து தொலைக்கிறாரா என்று பார்ப்பதற்காக ஜம்புலிங்கம் அதைப் படிப்பார். அன்று நாற்பத்தேழாவது வரியில் கண் நின்றது. எஸ். ஜம்புலிங்கம், வயது 46, தலைமை எழுத்தர், குட்வில் எஸ்டேட்.

"டைப்புல ஏதோ கட்பட், குளறுபடி ஆயிருக்கு சார்" என்றான் பட்டியலை ஒட்டிய வியாகுலம். தூத்துக்குடிக்காரன், பயணிகள் பதிவேடும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. "மெயின்லேண்ட்ல உங்க பேருல இன்னொருத்தர் இருக்கப்படாதா?"

"பேரு இருக்கலாம்யா. என் உத்தியோகம் எப்படி இருக்கும்?"

"அதானே. ஒண்ணையே ஊரு தாங்கல."

ஜம்புலிங்கம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஜெட்டியை ஒட்டிய மரமில்லின் ஈர மரத்தூள் வாசனையோடு பாலத்தைக் கடந்து பஸ் ஏறும்வரை, பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலவே இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் மெட்ராஸிலிருந்து ஒரு தடித்த உறை வந்திருந்தது. அனுப்பியவர் முகவரியில் தெருவும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு தபால்பெட்டி எண் மட்டும். 'கடல் கடந்த தமிழ்ச் சான்றோர் பேரேடு' தயாராகிறதாம். அறுபத்து நான்கு கேள்விகள். பிறந்த நட்சத்திரம், மச்சம் இருக்கும் இடம், மூன்று மாதிரிக் கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை, ஸ்டுடியோப் படம். தலைக்கு என்ன எண்ணெய்? வீட்டுக்குள் நுழையுமுன் என்ன சத்தம் கொடுப்பீர்கள்? சாப்பிட உட்கார்ந்தால் முதலில் எதைத் தொடுவீர்கள்?

"இதெல்லாம் முன்பின் தெரியாதவங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டாள் அலுவலகத்தில் அதை டைப் அடித்த சுசீலா.

"சான்றோனுக்கு ரகசியம் ஏதும்மா?" என்றார் அவர். கார்பன் பிரதி ஒன்றை, சின்னச் சிப்பந்திகள் படித்து முன்னேறட்டும் என்று அலுவலகச் சுவரில் ஒட்டவும் செய்தார். எல்லாக் கேள்விக்கும் இடம் போதாமல் தனித்தாள் வைத்து எழுதினார். 'வாழ்க்கைத் துணைவியைப் பற்றி விரிவாக' என்று பத்து வரி விட்டிருந்த இடத்தில் மட்டும் 'இருக்கிறார்' என்று எழுதினார்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு, நாற்பத்தேழாவது ஆளைப் பார்த்துவிட அவர் மறுபடி ஜெட்டிக்கு வந்தபோது கப்பல் முன்னதாகவே வந்து, ஆட்கள் இறங்கி, கரை காலியாகிக்கொண்டிருந்தது. வியாகுலம் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சார், எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?"

"நான் எங்கேய்யா போனேன்?"

"அரே சார், இப்பத்தானே பெட்டியோட எறங்கிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனீக. தபியத் சரியில்லையா, ஒடம்புக்கு ஏதுமா? மூஞ்சி வெளுத்திருக்கே?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். நாற்பத்தேழு. அவருடைய கையெழுத்து. பேரேட்டுக்காகவே பதினைந்து நாள் பழகிக் கடைசி எழுத்தில் சேர்த்த அந்த வால் சுழி, அவர் கையில் இன்னும் சரியாகப் படியாத சுழி, இங்கே ஒரே வீச்சில், பிசிறில்லாமல், மயில் கழுத்து போல வளைந்திருந்தது. மை இன்னும் காயவில்லை.

"இது போலி" என்றார். "பேனாவைக் கொடு. அசலைக் காட்டறேன்."

போட்டார். சுழி நடுவிலேயே படுத்துவிட்டது. வியாகுலம் இரண்டையும் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். அதற்குப் பிறகு 'சார்' என்று சொல்லவில்லை.

"பதிவேட்டுல கிறுக்கப்படாது. போங்க."

தீவில் நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பஸ் அவரை வீடு இருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் உதிர்த்துவிட்டுப் போனபோது வானம் ஈயமாகி, தூறல் பிடித்து, சாலையோரத்துத் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக முணுமுணுக்கத் தொடங்கியிருந்தன. நனைந்த மண், அழுகிய பலா, எங்கோ கருகும் மீன் எல்லாவற்றுக்கும் ஊடே இன்னொரு வாசனை முன்னால் நடந்து போனது. மருதாணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அவருடைய எண்ணெய். தம் தலையைத் தடவி முகர்ந்து பார்த்தார். மழை வாசனைதான் இருந்தது.

வேகமாக நடந்தார். வாசனையும் வேகமாக நடந்தது. சேற்றில் செருப்புத் தடம். வலது குதிகால் உள்பக்கம் தேய்ந்த தடம். அவர் தம் செருப்பை அதன்மேல் வைத்தார். பொருந்தியது.

அடுத்த வீட்டு சந்திரமதி கொடியிலிருந்து துணியை வாரிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன சார்... எப்ப வெளிய வந்தீங்க? இப்பத்தானே உள்ள போனீங்க?"

"உள்ள போனது யாரும்மா?"

"நீங்கதான். நல்லா இருக்கியாம்மான்னு கேட்டீங்களே." அவள் ஓரடி பின்னால் போனாள். "அஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டீங்க."

துணி நனைந்ததையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. படியில் ஏறி, வழக்கம்போல் மூன்று முறை கனைத்தார்.

உள்ளேயிருந்து மூன்று கனைப்பு.

எதிரொலி இல்லை. எதிரொலி முந்தாது. இது அவருடைய மூன்றாவது கனைப்புக்குச் சற்று முன்பே முடிந்துவிட்டது.

கதவைத் தள்ளினார். தாழிட்டிருந்தது.

"யாரது?" மனைவி அலமுவின் குரல்.

"நான்தான்டீ. திற."

"நான்னா யாரு? அவர் வந்து காபி குடிச்சிட்டிருக்கார்."

"நான்தான் ஜம்புலிங்கம்! உத்திராடம். நாற்பத்தாறு வயசு. இடது தோள்ல மச்சம்..." கேள்வி வரிசைப்படியே ஒப்பித்தார். வேறு எந்த வரிசையும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு பதிலையும் உள்ளேயிருந்து ஒரு குரல் அவருக்கு அரை மூச்சு முன்னதாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அதே குரல். அவசரமில்லாத, நிம்மதியான அதே குரல். கடைசியில் எது தம் குரல் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது.

ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தார்.

மஞ்சள் விளக்கு. அவர் நாற்காலி. அதில் அவர். கோட்டு, நெற்றியில் விபூதி, ஸ்டுடியோவில் வரவழைத்துக்கொண்ட அந்தப் புன்னகை. புன்னகை அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. எதிரே அலமு, காலை மடக்கி, தரையில்.

அது விளக்குப் பக்கம் திரும்பியது.

முகம் முன்பக்கத்தோடு முடிந்துவிட்டது. காது இல்லை. கன்னத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. பிசைந்து தட்டிய மாவு போல வழுவழுப்பாக, வெளிறி, மெதுவாக உப்பி இறங்கிற்று.

அலமு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பயப்படவில்லை.

"அலமு! பாருடீ! அது மனுஷன் இல்ல!"

"கத்தாதீங்க." அவள் திரும்பவில்லை. "ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேருக்கும்தான். சரியாச் சொன்னவங்களுக்குக் கதவு."

"கேளு. கேளு."

"போன மழைக்கு மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேனே. எதுக்கு?"

தகரத்தில் மழை கொட்டியது. ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். அந்த மூன்று நாளும் இட்லிக்குச் சட்னி இல்லாதது நினைவு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. விரல் நகம் பலகையைப் பிறாண்டியது. காய்ச்சலா? பல்லா? வயிறா?

உள்ளே அது குனிந்தது. காது இல்லாத தலையைச் சாய்த்து அவளிடம் ஏதோ கேட்டது. சின்னதாக. ஒரே வார்த்தை.

அலமு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அது கையை நீட்டியது. ரேகை ஒரே ஒரு விரலில் மட்டும் இருந்த கை. அவள் தலையைத் தடவியது. அவள் அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து வந்து ஜன்னலை உள்ளேயிருந்து இறுக்கிச் சாத்தினாள்.

எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று ஜம்புலிங்கம் கேட்டதில்லை.