தண்ணீர்க் குப்பி

ஈப்போவிலிருந்து பங்குச் சாமியாரோடு மாட்டுவண்டியில் வந்த மரியசூசை, ரப்பர் தோட்டத்து மாதா கோயில் முன்னால் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நனைந்த அத்தாப்பு ஓலைக் கூரை. புகைக்கொட்டாயிலிருந்து ரப்பர் நாற்றம்.

"பூசைக்கு உதவி செய்யப் புது ஆளா?" ரப்பர்ப் பால் வாளியோடு போன ராஜு நின்றான். "கால் நல்லா ஓடுமா அண்ணே? போன தடவை பூசைக்கு நின்ன சீனிப்பய, மணியைப் போட்டுட்டுத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினான்லா!"

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

சாமியாரின் செபத்துக்கு லத்தீனில் பதில் சொல்ல ஒருவர் மண்டியிடாவிட்டால் பூசை நடக்காது. நடக்காவிட்டால், கூட்டத்தில் நின்ற நவமணியின் செத்துப்போன புருஷன் இஞ்ஞாசியின் ஆத்துமத்துக்கு இந்த வருஷமும் பூசை இல்லை. அவனும் பால்மரம் சீவியவன்தான். காய்ச்சலில் சாகும்வரை இந்தக் கோயில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவன்.

"ஓடிராதீங்க அண்ணே," என்றாள் நவமணி.

விடியுமுன் பூசை தொடங்கியது. கறுப்பு உடுப்பில் சாமியார், பின்னால் மண்டியிட்டு மரியசூசை. மெழுகுவர்த்திகளுக்கு அப்பால் இருட்டு.

"தோமினுஸ் வோபிஸ்கும்," ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்றார் சாமியார்.

மரியசூசை வாயைத் திறக்குமுன் பதில் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் வறண்ட குரல்.

அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து.

கை கழுவும் நேரம் வந்தது. சாமியார் விரல்களை நீட்டினார். மரியசூசை தண்ணீர்க் குப்பியைச் சாய்த்தான். ஒன்றும் விழவில்லை. அவனே கழுத்துவரை நிரப்பிய குப்பி. சற்றுமுன் திராட்சை இரசக் கிண்ணத்தில் அதிலிருந்து ஒரு சொட்டுதான் விழுந்தது.

குப்பியின் கண்ணாடி சுட்டது.

நவமணி செம்போடு ஓடிவந்தாள். அவளைப் பார்த்தபின் அவனால் ஓட முடியவில்லை.

எழுந்தேற்றம்; சாமியார் அப்பத்தைத் தலைக்குமேல் தூக்கும் நேரம். வலக்கையில் மணி. இடக்கையால் சாமியாரின் உடுப்பின் பின்விளிம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கையை நீட்டினான்.

விளிம்பு ஏற்கெனவே தூக்கியிருந்தது.

அவன் விரல்கள் வேறு விரல்கள்மேல் பட்டன. பிணத்தின் குளிர்ச்சி இல்லை. காய்ச்சல் கொதித்தது.

"சேர்ந்தே பிடிப்போம் அண்ணே," என்று முணுமுணுத்துவிட்டு மணியை அடித்தான்.

பூசை முடிந்ததும், இஞ்ஞாசி எப்படி இறந்தான் என்று நவமணியிடம் கேட்டான்.

"தண்ணி தண்ணின்னு கெஞ்சினாரு. விடிஞ்சா நற்கருணை அப்பம் வாங்கணும், நடுச்சாமத்துக்கு மேல வாயில சொட்டுப் படக்கூடாதுன்னு உபதேசியார் தொம்மை செம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு விடியவேயில்ல."

சாமியார் கண்ணை மூடினார். "ஒருநாள் நற்கருணை வாங்காவிட்டால் என்ன அம்மா? தண்ணீர் கொடுத்திருக்கலாமே."

அந்தத் தொம்மை இப்போது தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசி அறையில் காய்ச்சலாய்க் கிடந்தார். துணைக்கு ஆள் இல்லை; லயமே பூசையில் இருந்தது. மூவரும் போய்ப் பார்த்தார்கள்.

உதடு, தாடி, தலையணை, எல்லாம் ஈரம்.

"யார் தண்ணீர் தந்தது?" என்றார் சாமியார்.

"இஞ்ஞாசி," தொம்மை கிசுகிசுத்தார். "பீடத்துக் குப்பியில கொண்டாந்தான். கழுத்தை நெரிக்கத்தான் வாரான்னு நெனச்சேன் சாமி. தலையைத் தாங்கி ஊத்தினான். கைதான்... நெருப்பு."

அவர் பிடரியில் விரல் தடங்கள் சிவந்திருந்தன.

நவமணி கிட்டே குனிந்தாள். "எங்க வீட்டுக்காரரு குடிச்சாரா?"

தொம்மை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னும் விடியலைன்னான்."

அன்று மாலை அவள் பீடத்துப் படியில் ஒரு செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தினாள். மறுநாள் வண்டி ஏறுமுன் மரியசூசையும் அவளோடு போனான்.

ஒரு சொட்டும் குறையவில்லை.

நவமணி செம்புக்குள் விரலை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் சுட்டது.