பச்சைப் புள்ளிகள்

பெசன்ட் நகரில் தனியாக வாழும் பத்ரிநாராயணனின் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"நன்னா இருக்கேன் கொழந்தே."

திரையில் அவர் வீட்டுச் சிவப்புப் புள்ளி பச்சையானது. உறவுக்காரர் யாராவது வந்திருக்கலாம் என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள்.

தி.நகர் அலுவலகத்தின் நான்காவது மாடியில், மழைக்கு மூடிய சன்னல்களுக்குள் ஏசியின் ஈர வாடையும் ஆறிப்போன டீயின் வாசனையும் கலந்து நிற்க, அவள் எதிரே ஆயிரத்து நூறு வீடுகள் புள்ளிகளாக ஒளிர்ந்தன. எல்லாம் தனித்திருக்கும் முதியவர்களின் வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி. வீட்டில் நடமாட்டம் நின்றால் புள்ளி சிவக்கும். பெட்டி வழியே கூப்பிட்டுப் பேசலாம்.

இன்று நாற்பத்தொன்று சிவந்திருந்தன. அவற்றில் ஒன்று நொச்சிக்குப்பம். அவளுடைய அம்மா ரத்னாவின் வீடு. கூப்பிட்டபோது அம்மா செல்போனை எடுக்கவில்லை. மீன் கூடையோடு ரோட்டில் இருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பட்டியல் வரிசைப்படி அழைக்கத் தொடங்கியிருந்தாள்.

"அப்டேட் போட்டா அப்டித்தான் செவக்கும். மொத்தமா ஓகே குட்த்துட்டு கெளம்பும்மா, மய வலுத்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையாளர் தணிகாசலம் குடையோடு போய்விட்டார்.

போன வாரம் அப்படித்தான் கொடுத்தாள். அந்தச் சிவப்புகளில் ஒன்று நிஜம். மயிலாப்பூர் கோமளம் மாமி விழுந்த இடத்திலேயே இரண்டு நாள் கிடந்து இறந்துபோனாள். தினமும் 'காபி ஆச்சா மாமி?' என்று கேட்டவள், அந்த இரண்டு நாளும் கேட்காமல் போனாள். ஒரு வார்த்தை ஒருவரைக் காப்பாற்றியிருக்கும். இனி யாரையும் விடமாட்டேன் தாயே என்று முண்டகக்கண்ணி அம்மனிடம் அழுதிருந்தாள்.

அடுத்தது அடையாறு. அப்துல் கஃபார்.

"பாய், நல்லா இருக்கீங்களா?"

மின்விசிறியின் கிறீச்சொலி. நீண்ட மூச்சு.

"நன்னா இருக்கேன் கொழந்தே."

அதே குரல். 'காபி ஆச்சா?' என்று கேட்டால் தினமும் பதில் சொன்ன குரல்.

அவள் கையை எடுத்துவிட்டாள். புள்ளிகள் நிற்கவில்லை. ஒன்று பச்சையானது. இன்னொன்று. வரிசைப்படி. யாரும் அழைக்காமல்.

கடைசியாக ஒன்றே ஒன்று சிவப்பாக நின்றது.

அழுத்தினாள். "எம்மா! எய்ந்துரும்மா! இன்னா ஆச்சு?"

கடல் இரைந்தது. தரையில் எதுவோ உரசியது.

"உங்கம்மாவா? என் பக்கத்துலதான் படுத்துண்டிருக்கா. தரை ஜில்லுனு இருக்குடி."

குரலுக்குப் பின்னால், மெல்ல, பலர் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள்.

புள்ளி பச்சையானது.