முள் படாத மீன்

கோர்வையில் தொங்கிய மீன்களில் ஒன்றின் வாயில் தூண்டில் முள் குத்திய காயமே இல்லை.

பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் வாயை விளக்கடித்துப் பார்த்துப் பார்த்து, மீனானாலும் மனுஷரானாலும் முதலில் வாய்தான் அவள் கண்ணில் படும். பிடித்த மீன்களின் செவுளில் ஒரு கயிற்றை விட்டு, வாய் வழியாக இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் படகோரம் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படி விட்டால் சாகாது, வீடு போய்ச் சேரும்வரை உயிரோடு கிடக்கும். மற்ற மீன்களுக்கெல்லாம் உதட்டோரம் கிழிந்து வெள்ளைச் சதை தெரிந்தது. இதன் உதடு மட்டும் அப்படியே வழவழவென்று இருந்தது.

"இதை யாரு பிடிச்சது?"

"அண்ணன் பிடிச்சிருப்பாரு" என்றான் கணவன், திரும்பிப் பார்க்காமலே.

"நான் எங்கடா பிடிச்சேன்? என் முள்ளுல வந்ததெல்லாம் பாசிதான்" என்றார் மகளின் பெரியப்பா.

"அப்ப அதுவே வந்து கோத்துக்கிச்சுபோல. நல்ல மனசுள்ள மீனு."

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஏரியில் பனிக்கட்டி உருகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கரையோரம் உடைந்த பனித்தகடுகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ கண்ணாடியை மென்று தின்பதுபோல நறநறத்துக்கொண்டிருந்தன. இலை விடாத மரங்கள் மொட்டை மொட்டையாக மூடுபனிக்குள் நின்றன. குளிர்காலம் முழுக்க அடியில் புழுங்கிக் கிடந்த சேற்றின் வாடை, வெகுநாள் திறக்காத அலமாரியின் வாடையைப்போல, அலைக்கு அலை எழுந்து வந்து முகத்தில் அப்பியது. விடிந்து நேரமாகியிருந்தும் வெயில் என்ற பேச்சே இல்லை.

வருஷத்தின் முதல் மீனை இந்த ஏரியில்தான் பிடிப்போம் என்பது அவள் புகுந்த வீட்டின் பிடிவாதம். பனி உடைந்ததும் அண்ணனும் தம்பியும் வேலைக்கு மட்டம் போட்டுவிடுவார்கள். பெரியப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மகள் அவரைப் 'பெரியப்பா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார். கணவன் பிளம்பர். தொட்டியடியில் தலையை விட்டு நாளெல்லாம் கிடப்பவனுக்குத் தண்ணீரைப் பார்த்தால் வெறுப்பு வரவேண்டும். அவனுக்கோ லீவு நாளிலும் தண்ணீர்தான் வேண்டும். குழந்தை சின்னவளாக இருந்ததால் இத்தனை வருஷமும் அவள் தப்பித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆறு வயது முடிந்ததும் சாக்கு முடிந்தது.

மகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாயாடி. தூக்கத்தில்கூட வாய் மூடாது.

"பெரியப்பா, மீனுக்கு நாம இங்க இருக்கோம்னு எப்படித் தெரியும்?"

"மூணு நாளா வந்து சோறு போட்டிருக்கேன்ல? இந்தப் பாறை பக்கத்துலயே தினமும் மாவு உருண்டை போட்டேன். முள்ளே கிடையாது. சும்மா தின்னுட்டுப் போகும். இங்க வந்தா வயிறு நிறையும்னு பழகிக்கும். பயம் விட்டுப்போனப்புறம் ஒரு நாள் முள்ளு."

"அது ஏமாத்து வேலை பெரியப்பா!"

"ஏமாத்து இல்லடி, பழக்கம். உங்க அப்பாவும் நானும் சின்னப் பசங்களா இருந்தப்பவே இந்த இடம் எங்களுக்குப் பழக்கம். ஒரு வருஷம்கூட வெறுங்கையோட திரும்பினது இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

கழியில் பிடிப்பதெல்லாம் கடையில் தூண்டில் வாங்குகிறவர்கள் வேலை என்பது அண்ணன் தம்பியின் கொள்கை. முள் கட்டிய நைலான் நரம்பை உள்ளங்கையில் சுற்றிப் பிடிப்பார்கள். கனமாக இழுத்தால் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்வார்கள். நரம்பை அறுத்துவிட்டவன் என்ற பெயரை மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் எடுத்ததில்லை.

படகின் அடியில் ஏதோ தட்டியது. மெதுவாக. பல்லில் சொத்தை இருக்கிறதா என்று டாக்டர் கம்பியால் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஓர் இடத்தில், பிறகு சற்றுத் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை.

"பனிக்கட்டி" என்றான் கணவன்.

அவள் கோர்வையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் வந்தது. இவர்கள் பிடித்த மீன்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை தொங்கியது. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் கொழுத்தது, ஒன்றின் உதட்டிலும் கீறல் இல்லை. செவுள் வழியாக உள்ளே, வாய் வழியாக வெளியே. இவர்கள் கோத்த மாதிரியேதான், இன்னும் நேர்த்தியாக.

"கிளம்பலாங்க."

"என்னடி இப்ப? அள்ளிக் கொடுக்குது ஏரி, நீ கிளம்பலாம்கிறே."

"அள்ளித்தான் கொடுக்குது. யாரு கொடுக்கிறா? பாருங்க இதை!"

அவன் பார்த்தான். முகம் மாறியது. அண்ணனைப் பார்த்தான். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவருடைய நரம்பு விறைத்திருந்தது.

"வந்துடுச்சுடா" என்றார் அவர். "பெரிசு. ரொம்பப் பெரிசு."

"அண்ணே, விட்டுடுண்ணே."

"போடா இவனே." கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை அவள் காதால்தான் முதலில் அறிந்தாள். ஈரத்துணியைக் கிழிப்பதுபோன்ற சத்தம். நரம்பு அவர் உள்ளங்கைக்குள் இறங்கி, சதையை உரித்துக்கொண்டு விரல் எலும்பில் போய் நின்றது. அவர் கத்துவதற்குள் படகின் விளிம்பில் மார்பு மோத இழுத்து வீழ்த்தப்பட்டார். விலா எலும்புகள் மொடமொடவென்று முறிந்தன. மறுபடி இழுப்பு. முகம் விளிம்பில் அடித்தது. மறுபடி. மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. கணவன் பாய்ந்து கால்களைப் பிடித்தான். ஒரு பூட்ஸ் அவன் கையில் தங்கியது. பெரியப்பா தங்கவில்லை.

படகு தூக்கிப்போட்டு ஆடியது. மீன் அறுக்கிற கத்தியை அவள் எடுத்துவிட்டாள். பெரியப்பாவின் நரம்பின் மறுமுனை படகின் பலகையில் கட்டியிருந்தது. அது தண்ணீருக்குள் நேராக இறங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

"அறுக்காதே! அதுலதாண்டி அண்ணன் இருக்காரு!"

அவன் இழுத்தான். கையில் சுற்றிச் சுற்றி, காலை விளிம்பில் ஊன்றி, அழுதுகொண்டே இழுத்தான். வந்தது. சுலபமாக வந்தது. தண்ணீருக்கடியில் வெளுத்த முகம் ஒன்று மேலே வந்தது.

உயிர் இருந்தது. கண் இமைத்தது. தாடைக்கடியில், கழுத்து தொடங்குகிற இடத்தில், விரல் தடிமனான ஒரு கயிறு உள்ளே போய் வாய் வழியாக வெளியே வந்திருந்தது. பற்களைத் தள்ளிக்கொண்டு. கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டு வெளிப்பக்கம் சாய்ந்து, ஈறோடு தொங்கின. அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். நாக்குக்கு இடமில்லை.

அடியில் யாரோ அந்தக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார்கள். அவர் இறங்கிப்போனார். கண் இமைத்துக்கொண்டேதான் இறங்கினார்.

இப்போது கணவனின் கை விளிம்பை நோக்கி நகர்ந்தது. நரம்பு அதன் விரல்களில் நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. அவள் நரம்பில் கத்தியை வைத்து அறுத்தாள். அறுபடவில்லை. தொட்டுப் பார்த்தாள். நைலான் இல்லை அது. வெதுவெதுப்பாக இருந்தது. துடித்தது.

"கையை வெட்டு" என்றான் அவன்.

"ஐயோ, என்னால முடியாதுங்க…"

"பாப்பா இருக்காடி படகுல! வெட்டு!"

வெட்டினாள். மூட்டுப் பார்த்து, கத்தியை இறக்கி, மேலே முழங்காலை வைத்து அழுத்தினாள். ஒரு விரல். இரண்டு. மூன்றாவதில் கத்தி வழுக்கியது, பிறகு அதுவும். சுற்றுகள் உருவிக்கொண்டு ஓடின. அவன் பின்னால் விழுந்தான். ரத்தம் இருவர் முகத்திலும் சூடாக அடித்தது. அவன் சிரித்தான், அழுதான், மிச்சமிருந்த கையைச் சட்டைக்குள் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டான். "போதும், போதும், தப்பிச்சிட்டோம். துடுப்பை எடு" என்றான். அவனுக்குக் குமட்டியது. வாந்தியெடுக்க விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினான்.

அவ்வளவுதான். தண்ணீர் சிதறவில்லை. சத்தமில்லை. அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை.

அவள் துடுப்புப் போட்டாள்.

எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. பனித்தகடுகளின் நறநறப்பு வந்த திசைக்குப் போட்டாள். படகு நகர்ந்தது. பின்பு ஏதோ பிடித்துக்கொண்டதுபோல நின்றது. அவள் கதறிக்கொண்டு இழுத்துப் போட்டாள். விட்டது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி விட்டது. பெரிய மீன் மாட்டினால் அண்ணனும் தம்பியும் அப்படித்தான் செய்வார்கள். இழுத்தால் இழுக்கவிட்டு, ஓடினால் ஓடவிட்டு, களைத்துப்போகும்வரை விட்டுப் பிடிப்பார்கள். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக இவர்கள் ஏரிக்குச் சோறு போடவில்லை. ஏரிதான் இவர்களுக்குப் போட்டிருக்கிறது. முள் இல்லாமல். பயம் விட்டுப்போகும்வரை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரும்வரை.

"வாயாடி! கீழே உட்காரும்மா! கையை உள்ள வச்சுக்கோ! இதோ வந்துட்டோம், அம்மா இருக்கேன்!"

மகள் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்லவில்லை. பயந்திருக்கிறது குழந்தை. பயந்தால் பேசாது. எந்தக் குழந்தையும் பேசாது.

படகின் மூக்கு பனித்தகட்டை உடைத்துக்கொண்டு ஏறியது. மணல். தண்ணீர் முழங்கால்வரைதான். அவள் குதித்தாள், மகளை இடுப்பில் வாரிப் போட்டுக்கொண்டாள், உடைந்த பனி காலைக் கிழிக்கக் கிழிக்க ஓடினாள். யாரும் பிடிக்கவில்லை. யாரும் துரத்தவில்லை. மரங்கள் வந்தன. மேடு வந்தது. மேட்டுக்கு அப்பால் அவர்களுடைய வண்டியின் கண்ணாடி மினுங்கியது.

தப்பித்துவிட்டோம். என் குழந்தையைக் கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். அவளுக்கு அழுகை பொங்கியது. மகளைக் கீழே இறக்கி, முழங்காலிட்டு, ரத்தக் கையாலேயே அந்தச் சின்ன முகத்தைப் பிடித்தாள்.

"எங்கேயாவது வலிக்குதாடா? அடிபட்டுச்சா? சொல்லும்மா."

மகள் தலையசைத்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்ணில் நீர் தளும்பியது.

"ஏண்டா பேச மாட்டேங்கிறே? அம்மாகிட்ட ஏதாவது ஒண்ணு பேசு. திட்டு. எதையாவது பேசு."

உதடு நடுங்கியது. பேசவில்லை.

"வாயைத் திற."

தலையை ஆட்டினாள். மாட்டேன்.

"திறடா கண்ணு. அம்மா தினமும் பாக்கிறதுதானே. ஆ காட்டு."

மகள் ஆ காட்டினாள்.

முன்னால் ஆடிக்கொண்டிருந்த பால் பல். அதற்குப் பின்னால் நாக்கு. நாக்கின் மேல் இளஞ்சிவப்பாக, முடி போல் மெலிந்த ஒன்று, தொண்டைக்குள்ளிருந்து மேலேறிக் கடைவாயைச் சுற்றி உதட்டோரத்தில் இறங்கியது. அவள் கண் அதன் வழியே போனது. மகளின் கழுத்துப்பட்டையில். தோளில். முதுகில். மணலில் தங்கள் காலடித் தடங்களின் ஓரமாகவே, வளைந்து வளைந்து, தளர்ந்து கிடந்தது, பனித்தகடுகளுக்கு நடுவே தண்ணீருக்குள் இறங்கியது.

கத்தி படகில். படகு தண்ணீரில்.

தளர்ந்து கிடந்தது மெதுவாக நேராகத் தொடங்கியது. ஒரு வளைவு மறைந்தது. இன்னொன்று. மணலைவிட்டு மேலே எழுந்தது, சொட்டுச் சொட்டாக ஏரியை உதிர்த்துக்கொண்டு. மகள் இரண்டு கையாலும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மகளை மார்போடு சேர்த்து இறுக்கினாள். அந்த இழையை இழுத்துத் தன் கடைவாயில் வைத்து, பலம் கொண்டமட்டும் கடித்தாள். இனித்தது. ஒரு பல் உடைந்தது. மறுபடி கடித்தாள்; அது ஈறுக்குள் வழுக்கிச் சென்று, உள்ளே எங்கோ சுருண்டு, பிடித்துக்கொண்டது.

இழை விறைத்தது. தாயும் மகளும், கன்னத்தோடு கன்னம் ஒட்ட, ஏரியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.