நாற்பத்தொன்றாம் எண் இணைப்பு

பேட்டரியைக் கழற்றி, பையில் போட்டு, தரமணி அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருந்த கருவி மதியம் மூன்று மணிக்கு இணைப்பு கேட்டது. அடையாறு வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜுவேரியா திரையை இரண்டு முறை படித்தாள். எண் 41. சூடாமணி டீச்சருடையது.

தனியாக வாழும் முதியவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் அபாயப் பட்டன் அது. அழுத்தினால், சாக்கெட் என்கிற நெட்வொர்க் இணைப்பு வழியாக, எண்ணும் இடமும் சேர்ந்த ஒரு வரி வரும். அதை வாசித்து ஆளனுப்பும் ப்ரோகிராமை எழுதியவள் ஜுவேரியா. "ஒரே ரீட்ல முழு வரியும் வந்துடும்னு நம்பாத. துண்டு துண்டா வரும், சேத்து வெச்சுப் படி," என்று கூட வேலை பார்க்கும் ஸ்ரீநாத் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவள் தன் லேப்டாப்பில் சோதித்தபோதெல்லாம் முழுசாகத்தான் வந்தது. எனக்குத் தெரியாதா என்று சிரித்தாள்.

போன மாதம் கோட்டூர்புரத்தில் டீச்சர் வீட்டிலிருந்து "41 குளி" என்று ஒரு துண்டும் "யலறை உதவி" என்று இன்னொரு துண்டும் வந்தன. இரண்டையும் குப்பை என்று ப்ரோகிராம் தள்ளிவிட்டது. டீச்சர் ஈரத் தரையில் இரண்டு நாள் கிடந்து இறந்தார். ஜுவேரியா பதிவுகளை அழித்தாள், பிழையைத் திருத்தினாள், நெட்வொர்க் அறுந்துவிட்டது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பழி நெட்வொர்க் பார்க்கும் தல்ஹாவின் தலையில் விழுந்தது. நினைக்கும்போதெல்லாம் வெட்கத்தில் காது எரியும், சோறு இறங்காது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை மூட்டம் கட்டியிருந்தது. மின்விசிறி சத்தத்துக்கு அடியில் எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசையும், நாள்பட ஊறிப்போன சோப்பின் வாடையும் மெல்ல மெல்ல அறைக்குள் பரவ, திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. 41. கு. ளி.

போன் அடித்தது. தல்ஹா.

"அக்கா, நாலு மணிக்கு விசாரணை. வேலை பூடும் போல கீது. அன்னிக்கு லைன் கட்டானத நீங்க கண்ணால பாத்தீங்களா? அல்லா மேல ஆணையா சொல்லுங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"பாத்தேன் தல்ஹா."

"சரிக்கா," என்றான். வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

யலறை.

சாக்கெட்டை மூடினாள். மூடியாயிற்று என்றது திரை. அதற்குக் கீழே, உதவி.

வைஃபையை அணைத்தாள். உதவி. இணைப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

இதே வீடு.

எழுந்தாள். நடை ஈரமாக இருந்தது. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே தரையோடு தரையாக ஒரு கை. வெளுத்து, ஊறி, சுருங்கிய கை. மணிக்கட்டில் பட்டை. மறு கையின் கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

அவளைப் பிடிக்க வரவில்லை. மிரட்டவில்லை. யாராவது வருவார்கள் என்று இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

ஜுவேரியா கதவை இழுத்துச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே பட்டன் அழுத்தும் சத்தம் நிற்கவில்லை.