ஒரு போனுக்கு மட்டும்

சினிவா தன் போனை இன்னும் வைஃபையில் சேர்க்கவே இல்லை. அதற்குள், தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த பெட்டியில், ஏதாவது போன் சேர்ந்தால் மட்டும் மினுக்கும் சின்ன விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது.

யாருடையது? புயலுக்குப் பயந்து ஊரே மலைமேல் மாதா கோயிலுக்குப் போய்விட்டிருந்தது. நடுவில் ஓடைப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சுவரில்லாத அந்த வீட்டுக்குள் நான்கு பக்கமும் ஈரக்காற்றும், அழுகிய பலாக்காய் வாசனையும், கடலின் ஓயாத உறுமலும் புகுந்துகொண்டிருந்தன. பாயில் அவள் மகள் லோசா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. இன்ஹேலர் மருந்து காலையிலேயே தீர்ந்துபோயிற்று. டவரும் சாய்ந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம், தன் வீட்டிலும் டிஷ் வைத்திருக்கும் நர்ஸ் வைலிலியைக் கூப்பிட, கூரைமேல் இருக்கும் டிஷ்ஷையும் இந்தப் பாழாய்ப்போன பெட்டியையும் விட்டால் கதியில்லை.

மழையில் நனைந்த பெட்டி பழசையெல்லாம் மறந்துவிட்டிருந்தது. சினிவா மகளின் பள்ளி லேப்டாப்பை வயரால் அதில் கோத்து, ஆக்லாந்தில் வேலை செய்யும் கணவன் ஃபிலிப்போ எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் போட்டுவந்தாள். இணைப்பு வகை, கணக்குப் பெயர், கணக்கு எண். புயல் நேரத்தில் டிஷ் ஒரு போனுக்கு மேல் தாங்காது என்பான், அதனால் ஒன்றே ஒன்று என்று வரம்பும் வைத்தாள். வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுத்தாள். வீட்டு ஆட்களின் போனெல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளுமே என்கிற பழக்கதோஷம்தான்.

அவள் போனை எடுத்தாள். இடமில்லை என்றது.

லேப்டாப் திரையைப் பார்த்தாள். சேர்ந்திருந்தது ஒரே போன். பெயர், தெலேசியா.

ஃபிலிப்போவின் அக்கா. கிறிஸ்துமஸுக்கு முன்பே செத்துப்போனவள். எல்லா வீட்டையும் போல இங்கேயும் வாசலிலேயே அடக்கம் செய்து சிமெண்டு பூசியிருந்தார்கள். ராப்பகலாய்ப் பிடித்திருந்த போனை அவள் கையிலேயே வைத்து மூடச் சொன்னது சினிவாதான்.

லோசாவின் நெஞ்சுக்குழி உள்வாங்கியது. மறுபடி உள்வாங்கியது.

சினிவா வாசலைப் பார்த்து மண்டியிட்டாள். "அக்கா, அஞ்சு நிமிஷம் விட்டுக்குடுக்கா. உன் தம்பி பொண்ணுக்கா. மூச்சு நிக்கப்போவுது."

விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

திரையில் அந்தப் பெயருக்கு நேரே 'தடை செய்' என்று ஒரு பொத்தான். இந்த ஊரில் எதை மறுத்தாலும் கணவனின் உடன்பிறந்தவளை மறுக்கமாட்டார்கள். அவள் கேட்டால் பாயைச் சுருட்டிக் கொடுப்பார்கள், பிள்ளையைக் கேட்டால் பிள்ளையைக் கொடுப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சினிவா ஒருமுறைகூட மறுத்ததில்லை.

லோசாவின் உதடு நீலம் பாரித்தது.

அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது. கடல் உறுமல் நின்றது போலிருந்தது. அவள் போன் சேர்ந்தது. வைலிலியைக் கூப்பிட்டாள், மணி அடித்தது. வைலிலியின் குரல்! லோசாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லும்போதே சினிவா அழுதேவிட்டாள்.

"அழாதடி, சினிவா. போனைப் புள்ள வாய்கிட்ட வை. மூச்ச நான் கேக்கணும்."

வைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கேக்குது. சன்னமா கேக்குது. ஆனா பக்கத்துல படுத்திருக்கிறவங்களக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லு. அவங்க மூச்சுதான் பெருசா கேக்குது."

"யாருமில்ல. நானும் அவளுந்தான்."

"அப்ப புள்ளயோட பேசறது யாரு?"

பாயில் லோசா ஒருக்களித்துத் திரும்பினாள். திணறல் இல்லை. சிரித்தாள். யாரையோ கட்டிக்கொள்வதுபோல் கையைத் தூக்கி வெற்றிடத்தின் மேல் போட்டாள்.

கை பாயில் விழவில்லை. பாயிலிருந்து ஒரு முழ உயரத்தில், எதன்மேலோ படிந்து நின்றது. மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.